பன்னிரண்டு அட்டைகளும் என் கையெழுத்தும்

போன வாரம் வரை, எங்கள் அப்பாவின் தொழில் கெட்டதற்கு நான்தான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷ நம்பிக்கை. மாமா அதை ஒரு போன் பேச்சில், காப்பி ஆறிப்போகிறது என்று நடுவில் முனகிக்கொண்டே, உடைத்துப் போட்டுவிட்டார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "நீ கேக்கலையே பாப்பா" என்கிறார். இந்த மனிதர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. மாரெட்பள்ளியில் குடியிருந்தோம். அப்பா ஓர் அரசுத் தொழிற்சாலையில் டூல் ரூம் ஃபோர்மேன். பதினேழு வருஷம் பார்த்த அந்த வேலையை விட்டுவிட்டு, அம்மாவின் தம்பியான மாமாவைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, பாலாநகரில் ஒரு தகர ஷெட் பிடித்து மூன்று லேத்தும் ஒரு மில்லிங் மெஷினும் போட்டார். எல்லாம் இங்கிலாந்தில் இருந்த ஒரு விமானக் கம்பெனியை நம்பி. அவர்கள் புதிதாக ஒரு சின்ன விமானம் செய்யப்போகிறார்கள். அதன் இறக்கைக்குள் போகும் உள்ளங்கை அகல அலுமினிய பிராக்கெட் ஒன்றை வெளியே கொடுத்துச் செய்வதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். முதலில் பன்னிரண்டு மாதிரிகள். அவை தேறினால், அந்த விமானம் செய்யப்படும் காலம் வரை வேலை. தேறாவிட்டால் அப்பாவுக்குத் திரும்பிப் போக இடம் கிடையாது. அவர் விட்ட நாற்காலியில் அடுத்த வாரமே வேறொருவர் உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவுக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அப்பா அவளைச் சமாதானப்படுத்தச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த விமானத்துக்கு ஆகிற செலவில் பெரும்பங்கை அவர்கள் அரசாங்கமே தருகிறதாம். "ஒரு கவர்மெண்ட விட்டு இன்னொரு கவர்மெண்டுக்குப் போறேன். இதுல என்ன பயம்?" என்றார்.

"அது நம்ம கவர்மெண்ட் இல்லையே" என்றாள் அம்மா.

"இதவிட நல்ல கவர்மெண்ட்" என்றார் அப்பா. பேச்சு அதோடு முடிந்தது. எங்கள் வீட்டில் முக்கியமான பேச்சுகள் எல்லாமே இப்படித்தான், ஆரம்பிக்க வேண்டிய இடத்தில் முடிந்துவிடும்.

பன்னிரண்டு பிராக்கெட்டுகளையும் செய்தவர் பாய். அப்பாவோடு அதே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மில்லிங் மெஷினில் அவர் கை வைத்தால் அப்பாவே இரண்டடி தள்ளி நிற்பார். ஒவ்வொரு பிராக்கெட்டுக்கும் ஓர் அட்டை உண்டு. ரூட் கார்டு என்பார்கள். எந்த அலுமினியக் கட்டையிலிருந்து வெட்டியது, என்றைக்கு என்ன வேலை நடந்தது, அளந்தபோது என்ன அளவு வந்தது, யார் செய்தது, யார் சரிபார்த்தது என்று எல்லாம் அதில் வரிசையாக ஏற வேண்டும். பிராக்கெட் எங்கே போனாலும் அட்டையும் கூடவே போகும். அதனால் அட்டைகள் இருந்த நிலை சொல்லத் தரமில்லை. எண்ணெய்க் கறை, பாயின் பெருவிரல் ரேகை, டீ கிளாஸ் வைத்த வட்டம், அடித்துத் திருத்திய எண்கள்.

அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் மாதிரிகளைப் பார்க்க வர நாலு நாள் இருந்தபோது மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது. மாமாவின் யோசனைகளைப் பற்றித் தனியாக எழுதலாம், இப்போது எனக்குப் பொறுமை இல்லை. இந்த அழுக்கு அட்டைகளைக் காட்டினால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள், பாப்பாவின் கையெழுத்துதான் அச்சடித்த மாதிரி இருக்கிறதே, அவளை விட்டுப் புதிதாக எழுதச் சொல்லலாம் என்றார்.

பாய் அட்டைகளைக் கொடுக்க மனமில்லாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நக்கோ சாப்" என்று அப்பாவிடம் சொன்னார். வேண்டாம் என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவாவது கேட்டிருக்கலாம். ஆனால் மேலதிகாரிகள் வருவதற்கு முன்னால் பதிவேடுகள் எல்லாம் புதிதாக எழுதப்படுவதைப் பதினேழு வருஷம் பார்த்துப் பழகியவர் அவர். எனக்கும் அதேதான் பழக்கம். பள்ளிக்கூடத்தில் ரஃப் நோட்டில் போடுவது கணக்கு, ஃபேர் நோட்டில் எழுதுவது மார்க். அடித்தல் திருத்தல் இருந்தால் டீச்சர் பக்கத்தையே கிழித்துவிடுவார்.

சனிக்கிழமை மத்தியானமும் ஞாயிற்றுக்கிழமை முழுக்கவும் உட்கார்ந்து எழுதினேன். நீல மை, அடிக்கோட்டுக்குச் சிவப்பு. அடித்துத் திருத்திய இடங்களில் அடித்ததை விட்டுவிட்டுத் திருத்தியதை மட்டும் எழுதினேன். பாய் உருதுவில் கையெழுத்துப் போடுவார். அதை இடமிருந்து வலமாகக் கோலம் போடுவதுபோல் பன்னிரண்டு தடவை வரைந்தேன். அப்பா ஓர் அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் தலையில் கையை வைத்தார். பழைய அட்டைகளைத் திங்கட்கிழமை காலை மாமா வெந்நீர் பாய்லரில் போட்டார். எண்ணெய் ஊறியவை, நன்றாக எரிந்தன.

வெள்ளைக்காரர் வந்த அன்று எனக்குப் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, பட்டுப் பாவாடை கட்டி, முந்திரித் தட்டைக் கையில் கொடுத்து ஷெட்டில் நிறுத்தியிருந்தார்கள். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தானே கொண்டுவந்த மைக்ரோமீட்டரால் பன்னிரண்டையும் அளந்தார். பன்னிரண்டும் சரி. எழுந்து போய் பாயின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்மாவிடம் போய்ச் சொல்ல அப்பா மனதுக்குள் வாக்கியம் தயாரித்திருப்பார்.

பிறகு வெள்ளைக்காரர் அட்டைகளை எடுத்தார். ஒன்றைப் புரட்டினார், இன்னொன்றைப் புரட்டினார், விரலை அதில் தேய்த்து விரலைப் பார்த்தார். அசல் எங்கே என்று கேட்டார். இதுதான் என்றார் மாமா. யார் எழுதியது என்று கேட்டதும் மாமா பெருமை தாங்காமல் என்னைக் கைகாட்டினார். வெள்ளைக்காரர் என் பக்கம் திரும்பி, மிக அழகான கையெழுத்து என்றார். ஒரு முந்திரி எடுத்துக்கொண்டார். அதன்பின் பையிலிருந்து சிவப்புச் சீட்டுகளை எடுத்து ஒவ்வொரு பிராக்கெட்டிலும் ஒன்று கட்டினார். பரிசு என்று நினைத்தேன். நிராகரித்த பொருளுக்குச் சிவப்புச் சீட்டு என்று பாய்க்குத் தெரியும். அவர் வெளியே போய்விட்டார்.

அந்த மனிதர் கோபப்படவில்லை. பிராக்கெட்டுகள் அருமையாக இருக்கின்றன, ஆனால் இவை எதிலிருந்து வந்தவை என்று இனி எனக்குச் சொல்ல வழியில்லை என்றார். முப்பது வருஷம் கழித்து ஒரு விமானத்துக்கு ஏதாவது நடந்தால் அட்டையைத்தான் தேடுவோம், அதில் அழுக்கு இருந்தால்தான் நம்புவோம் என்றாராம். மூன்று மாதத்தில் மறுபடி வருகிறேன், புதிதாகப் பன்னிரண்டு செய்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இதெல்லாம் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வீடு வந்ததும் அப்பா என்னை ஸ்கூட்டரிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு மாதம் போல ஆகியிருக்கும். இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சாயந்திரம் அம்மா என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள்.

"கார்டு சரியில்லைன்னு எழுதியிருக்காங்க. ஒழுங்கா மறுபடி செஞ்சா பாக்கலாமாம்" என்றார் அப்பா. என்னைப் பார்க்காமல் சொன்னார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் யாரும் வரவில்லை. வேறு கடிதமும் இல்லை. ஷெட்டில் தண்ணீர் பம்புக்கு புஷ் கடைந்தார்கள், கிரைண்டருக்கு ஷாஃப்ட் கடைந்தார்கள், கடைசியில் அதுவும் இல்லை. அந்த விமான வேலை என் அட்டைகளால் கைவிட்டுப் போனது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. யாரும் சொல்லாததாலேயே அது உறுதியானது. நான் வேண்டுமென்றே கோணல்மாணலாக எழுத ஆரம்பித்தேன். டீச்சர் அடித்தார். கையெழுத்து அதன்பின் திரும்பவே இல்லை. மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது என்று என் மகள் இன்றும் சிரிக்கிறாள்.

மாமாவுக்கு நான் போன் செய்ததே மகளால்தான். குகட்பள்ளியில் எங்களோடு இருந்து ஹைடெக் சிட்டிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். விமான இறக்கைக்கான புதிய பொருள்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய இங்கிலாந்தில் இடம் கிடைத்தது. பாதிப் பணம் அங்கே ஒரு கம்பெனி, பாதி அந்த அரசாங்கம். வேலையை விட்டாள், ஸ்வெட்டர் வாங்கினாள். கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது ஒரு மின்னஞ்சல் வருகிறது, திட்டம் மறுபரிசீலனையில் இருக்கிறது, இப்போதைக்கு இடத்தை உறுதி செய்ய முடியாது என்று. எதிர்காலத் தொழில்நுட்பத்துக்கு நாங்கள் துணை நிற்போம் என்று ஒரு மந்திரி ஹெல்மெட் போட்டுக்கொண்டு நின்ற படம் அவர்கள் வலைத்தளத்தில் இன்னும் அப்படியே இருக்கிறது. எடுக்கக்கூட ஆளில்லை போலிருக்கிறது.

அதைப் படித்துவிட்டு நான் செய்தது என்ன? மகளைப் பிடித்துக்கொண்டேன். சர்டிபிகேட்டுகளை இரண்டு நாள் தாமதமாக அனுப்பினாயே, அதனால்தான் என்று கத்தினேன். "தப்பு நாதி காதம்மா" என்றாள், தன் தப்பில்லை என்று. தெலுங்கில் தொடங்கி ஆங்கிலத்தில் முடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இதைத்தான் மாமாவிடம் புலம்பினேன். எங்கள் குடும்பத்துக்கே இங்கிலாந்து ஒத்துவராது, அன்றைக்கு நான் அட்டையில் கெடுத்தேன், இன்றைக்கு இவள் என்றேன்.

"அட, அது அட்டையால போகல பாப்பா" என்றார் மாமா. "அவங்க கவர்மெண்ட் பணம் தரமாட்டேன்னுடுச்சு. விமானமே நின்னுபோச்சு. அந்த லெட்டர்ல முதல் வரியே அதுதான். நானும் மச்சானும் ஷெட்லயே படிச்சோம்."

அப்புறம் அப்பா ஏன் அட்டை என்று சொன்னார் என்று கேட்டேன்.

"அட்டைன்னா நம்ம தப்பு, திருத்திக்கலாம். அவங்க ஊர்ல மந்திரி மனசு மாறினா நாம என்ன பண்ணமுடியும்? உங்கம்மாகிட்ட மச்சான் என்னன்னு சொல்லுவாரு?" என்றார். காப்பி ஆறிப்போய்விட்டது என்று வைத்துவிட்டார்.

அப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஒரு தேசத்தின் மேல் போட வேண்டிய பழியைப் பத்து வயதுப் பிள்ளையின் மேல் போட்டாயே என்று கேட்டிருப்பேன். என் மகளும் நாளைக்கு என்னைக் கேட்கலாம்.

ஆனால் எனக்கு இப்போது திரும்பத் திரும்ப வருவது வேறொன்று. கடிதத்தின் அந்த முதல் வரியைப் படித்த அடுத்த நாளே அப்பா புதிய அலுமினியக் கட்டை எடுத்து வைத்தார். அப்பாவும் பாயும் மறுபடி பன்னிரண்டு பிராக்கெட் செய்தார்கள். சனிக்கிழமைகளில் பள்ளி அரை நாள். அப்பா என்னை ஷெட்டுக்குக் கூட்டிப்போவார். இந்த முறை அட்டைகளில் நான் கை வைக்கவில்லை. பாய் ஒவ்வொரு வேலைக்கும் நிறுத்தி, அளந்து, எழுதி, கையெழுத்துப் போட்டார். தப்பாக எழுதினால் ஒரே கோடாக அடித்துப் பக்கத்தில் திருத்தினார். அப்பா மறுபடி அளந்து தன் கையெழுத்தைப் போட்டார். இரண்டு பேரும் அவ்வளவு கவனமாக வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. என் தப்பு சரியாகிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பன்னிரண்டாவது முடிந்த சனிக்கிழமை அப்பா எல்லாவற்றையும் துடைத்து, அட்டையோடு சேர்த்துக் காகிதத்தில் சுற்றி, மேஜைமேல் வரிசையாக வைத்தார். நான் ஷெட் வாசலில் போய் நின்றுகொண்டு வெள்ளைக்காரர் வருகிறாரா என்று ரோட்டைப் பார்த்தேன். வெகு நேரம் கழித்து அப்பா பின்னால் வந்து நின்றார்.

"இன்னிக்கு வரமாட்டாரும்மா" என்றார்.

நாளைக்கு வருவாரா என்று கேட்டேன்.