அடைமொழி அக்கா

மணலை ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்க்கிறார். சோதனை எண்களைப் பார்க்கிறார். அப்புறமும் பேனா காகிதத்தில் இறங்குவதில்லை. ஆங்கிலத்தில் சரியான சொல் அமைய வேண்டும்.

மண் பரிசோதனைக் கூடத்தில் அறிக்கை எழுதுபவர் அவர். வரைபடம் போடும் எனக்கு அடுத்த மேசை. கூடத்தில் அவருக்கு ‘அடைமொழி அக்கா’ என்று பெயர். நாம் ‘கெட்டி’ என்று சொல்லிவிட்டு நகர்கிற சங்கதியை அவர் பிரித்துப் பிரித்து வைப்பார். “மணல்னா டென்ஸ். களிமண்ணுன்னா ஸ்டிஃப். ரோலர் ஓட்டி நாம அமுக்கினதுதான் கம்பேக்டட். ‘திக்’னு எழுதினா எத்தனை அடி கனம்னுதான் கேப்பாங்க.”

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘ஸ்ட்ராங் சாயில்’ என்று எழுதினாராம். “ஏம்மா, இது என்ன டீயா?” என்று மேலதிகாரி எல்லார் முன்னாலும் கேட்டார். அன்று கழிவறையில் அழுதவர், மறுநாள் முதல் மதிய இடைவேளைகளில் பழைய அறிக்கைகளையும் அகராதியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இப்போது கணவரின் தலைமுடியைக்கூட விடுவதில்லை: “டென்ஸா இருந்துச்சு. லூஸுக்கு வந்தாச்சு!”

போன வருடம், என் மகள் படிக்கும் பள்ளிக்கு மூன்று மாடிக் கட்டடம் கட்டப்போகிற இடத்து மண் பரிசோதனைக்கு வந்தது. அக்கா ‘லூஸ்’, அதாவது இறுகாத மணல் என்று எழுதினார். அப்படியென்றால் அஸ்திவாரத்தை ஆழமாகப் போட வேண்டும், செலவு கூடும். ஒப்பந்தக்காரர் நேரிலேயே வந்துவிட்டார்.

“மேடம், மீடியம் டென்ஸ்னு மாத்திடுங்க. ஒரு வார்த்தைதானே?”

“ஒரு வார்த்தைதான் சார். அதுமேலதான் முந்நூறு பிள்ளைங்க உக்காரப் போறாங்க.”

மேலதிகாரியும் மூன்று நாள் நச்சரித்தார். அக்கா அசையவில்லை. என் பிள்ளையும் அங்கேதான் படிக்கிறாள். நானோ வேலை போய்விடுமோ என்று குனிந்த தலை நிமிராமல் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஆழத்தில் தூண்களை இறக்கித்தான் கட்டினார்கள். இந்த மழையில் பள்ளியின் மதில் ஒரு பக்கம் அப்படியே மண்ணுக்குள் இறங்கிவிட்டது. கட்டடத்தில் ஒரு கீறல் இல்லை.

மதிலைப் பார்த்த கையோடு மகளைக் கூட்டிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன்.

“அக்கா, அன்னிக்கு நான் வாயே தொறக்கல. நீங்க மட்டும் இல்லேன்னா...” மகளை அவர் முன்னால் நிறுத்தினேன்.

“அட, விடுப்பா. என் வேலையைத்தானே பாத்தேன்.”

என் மகளைப் பார்த்ததும் கையை நீட்டியவர், சட்டென்று இழுத்துக்கொண்டார். குழாயடிக்குப் போய், நகக்கண்ணில் இருந்த மண் போகும்வரை சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துக்கொண்டு வந்து, அதன் பிறகுதான் அவள் கன்னத்தைத் தொட்டார்.