மைத்துனன் நெய்த பணம்

லுவெண்டோ நாட்டில் துணிதான் பணம். பனைநாரில் ஒரு முழச் சதுரமாக நெய்து, ஓரத்தில் ராஜாவின் முத்திரை விழுந்துவிட்டால் அது ஒரு துணி. ஒரு துணிக்கு ஒரு கோழி, நாலு துணிக்கு ஒரு உப்புக்கட்டி. யார் நெய்தாலும் மதிப்பு ஒன்றுதான், கூடக் கேட்டால் தண்டனை. இருபது வருஷமாகப் பணம் நெய்துவந்த கியாலாவுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு குறையும் தெரிந்ததில்லை, மனைவி லெம்பாவின் தம்பி பான்சு தறியில் உட்காரும்வரை.

பான்சுவின் துணியில் முதலை முதுகைப் போல மேடும் பள்ளமுமாகக் கட்டம் விழும். தடவினால் ஆட்டுக்குட்டியின் காது மாதிரி இருக்கும். அது யார் கைக்கு வந்தாலும் மறுபடி சந்தைக்குத் திரும்பவில்லை. பெண்ணுக்குச் சீர் வைக்க, பெரியவர்களைப் போர்த்திப் புதைக்க என்று பெட்டிக்குள் போய்விட்டது. கியாலாவின் துணியோ கைமாறிக் கைமாறி, பனையெண்ணெய்க் கறையும் மீன் செதிலுமாக ஊரைச் சுற்றியது.

கருவாடு விற்கும் லெம்பாவும் அதையேதான் செய்தாள். தம்பி துணி வந்தால் மடியில் செருகிக்கொள்வாள். புருஷன் துணியை அந்த நிமிஷமே எண்ணெய்க்காரியிடம் தள்ளுவாள். ஒருநாள் கியாலாவால் பொறுக்க முடியவில்லை.

"என் துணி உனக்குக் கையில சுடுதா?"

லெம்பா கருவாட்டை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "பணம் செலவு பண்ணத்தானே இருக்கு. அவன் நெய்ததக் குடுக்க மனசு வருமா? நீங்களே சொல்லுங்க."

அன்றைக்கே கியாலா தறியில் உட்கார்ந்தான். மைத்துனன் மாதிரி நெய்து பார்த்தான். நார்தான் வீணாயிற்று. பான்சுவின் துணிகளைக் கைமாறவிட்டு அழுக்காக்கியாவது பார்க்கலாம் என்று மனைவியின் பெட்டியிலிருந்து மூன்றை எடுத்துக்கொண்டு கள்ளுக்கடைக்குப் போனான். கள்ளுக்காரன் இரண்டு கைகளையும் துடைத்துவிட்டு வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். குடுவை வழிய ஊற்றிக்கொடுத்து, பான்சுவின் கைகள் நீடூழி வாழட்டும் என்று வாழ்த்தவும் செய்தான். கள் கசந்தது.

மறுநாள் கியாலா சந்தைத் தலைவர் மவூங்குவின் முன்னால் போய் நின்றான்.

"ஐயா, பணம்னா நாலு எடம் நடக்கணும். பான்சு துணி வந்த அன்னைக்கே பெட்டிக்குள்ள போய்ப் படுத்துக்குது. இப்படியே போனா சந்தையில எதை வெச்சு வாங்கி விக்கிறது?"

"அவன் உன் மச்சினன்தானே?" என்றார் தலைவர்.

"அதனாலதான் ஐயா, மனசு கேக்காம வந்தேன்."

சந்தையில் துணி குறைந்துவருவதைத் தலைவரும் கவனித்திருந்தார். அடுத்த சந்தையன்று முரசடித்துச் சொன்னார்கள்: பணம் நெய்கிறவர்கள் வரிசையிலிருந்து பான்சுவின் பெயர் நீக்கப்பட்டது, இனி அவன் துணிக்கு முத்திரை கிடையாது. லெம்பா கடையை மூடிவிட்டு அழுதாள். கியாலா அவளைத் தேற்றினான். ஒரு கோழிகூட வாங்கிவந்து கொடுத்தான்.

முத்திரை போனதும், கூடக் கேட்கக்கூடாது என்ற விலைக்கட்டும் போய்விட்டது என்பது அவனுக்கு உறைக்க ஒரு மாதம் ஆயிற்று. செம்பு வியாபாரி ஒருவன் பான்சுவின் துணி ஒன்றுக்குப் பத்துத் துணி கொடுத்தான். கடற்கரையிலிருந்து வந்தவன் பதினைந்து என்றான். மழை பிடிப்பதற்குள் முப்பதுக்கு ஏறியது. பான்சுவின் முற்றத்தில் குவிந்து கிடந்த துணிகளில் பாதி கியாலா நெய்தவை. தன் ஓரத்தையல் அவனுக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. அந்தத் தெருவழியாகப் போவதையே விட்டுவிட்டான்.

அந்த வருஷம் மகள் சூம்புவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. தாய்மாமன் முறைக்கு பான்சு ஒரு துணி கொண்டுவந்தான். அதுவரை யாரும் பார்த்திராத வேலைப்பாடு. கியாலா உள்ளே போய்த் தான் நெய்த முப்பது புதுத்துணிகளை எடுத்துவந்து அவன் காலடியில் வைத்தான்.

"என்ன மச்சான் இது? மாமன் சீருக்கு யாராவது வெல குடுப்பாங்களா?"

"சும்மா எதுவும் வேண்டாம். எடுத்துக்கோ."

பான்சு சிரித்தான். "தலைவர்கிட்ட நீங்க சொன்னது எனக்கு அப்பவே தெரியும், அவரே சொல்லிட்டாரு. அன்னைக்குக் கோவம் வந்துச்சு, இல்லேங்கல. இப்போ யோசிச்சா, நான்தான் உங்களுக்கு முப்பது குடுக்கணும்."

கதவருகில் நின்ற லெம்பாவுக்கு எல்லாம் கேட்டது. குனிந்து முப்பதையும் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கல்யாணம் முடிந்து இரண்டு சந்தை கழியும்வரை புருஷனோடு பேசவில்லை.

கல்யாணத்தன்று சூம்பு அந்தத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். வந்தவர்களெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கூட்டம் விலகியதும் கியாலாவும் ஓரத்தை விரலில் பிடித்து, இழையைத் திருப்பிப் பார்த்தான். முடிச்சு எங்கே விழுகிறதென்று அப்போதும் பிடிபடவில்லை.

"மாமாவுக்கு மட்டும் எப்படிப்பா இது வருது?" என்று கேட்டாள் மகள்.

"தெரியலம்மா. நானும் பாத்துப் பாத்துத்தான் வயிறெரிஞ்சேன்" என்றான் கியாலா.

சூம்பு அவன் விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்துச் சிரித்தாள்.