ஒசாகாவில் ஆறு நாள்

பெங்களூரு விசா ஆபீஸில் கவுன்ட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். படிப்பு மூணாங்கிளாஸ்தான், ஆனால் அடுகோடியில் சொந்தப் பட்டறையில் எனக்கு நாலு லேத் ஓடுது. அதில் ஒன்றைச் செய்த ஜப்பானின் ஒசாகா பட்டறையைப் பார்க்கத்தான் கிளம்புகிறேன். அந்த முதலாளியே வரச்சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறார். சும்மாவா போடுவார்?

கவுன்ட்டர் பெண் என் பயணத் திட்டத்தைப் படித்துவிட்டு நிமிர்கிறாள்.

"என்ன அங்கிள், ஆறு நாளும் ஒரே பட்டறையா? கோட்டை, கோயில் ஒண்ணும் இல்லையா? சந்தேகப்பட்டு விசா இல்லேன்னுடுவாங்க."

"சத்தத்தை வச்சே லேத்துல கோளாறு எங்கேன்னு சொல்ற ஆளும்மா நான். அவங்களும் காதை நம்பறாங்களா, மீட்டரைத்தான் பாக்கறாங்களான்னு தெரியணும்."

"அதுக்கு ஒரு நாள் போதாதா?"

"போதாதும்மா. வெளியாள் நின்னா ரெண்டு நாளைக்கு எவனும் ஒழுங்குப் பிள்ளையாத்தான் வேலை செய்வான். மூணாம் நாள்தான் நம்மளை மறந்து தன் வழக்கத்துக்கு வருவான். எம் பட்டறையிலயும் அப்படித்தான்."

அவள் சிரித்துக்கொண்டே பேனாவை எடுக்கிறாள். கடைசி நாளை மட்டும் அடித்துவிட்டு 'கோட்டை' என்று எழுதி, பக்கத்தில் என்னிடம் கையெழுத்து வாங்குகிறாள். மற்ற ஐந்து நாளில் கை வைக்கவே இல்லை.