‘கால் ஆஃப்’ அட்டை

அகராதி அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் புத்தகம் தைக்கும் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் அகராதியம்மா. வேலையைச் சொல்கிறார்களா, குணத்தைச் சொல்கிறார்களா என்று அவர் கேட்டதில்லை. இரண்டுமே பொருந்தும் என்றுதான் அவருக்கும் எண்ணம்.

இருபத்தாறு வருடங்களாக அவர் கையில் இருப்பது ஆங்கிலத்தின் கூட்டுவினைகள். சாதுவான ஒரு வினைக்குப் பின்னால் ஒரு வால். வால் மாறினால் பொருளே வேறு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதுவார். எழுதியதும் மாடிப்படி இறங்கிப்போய்த் தையல் பெண்களிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். “ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாத சொல்லு அகராதிக்கு எதுக்குடி?” என்பார். அவர்கள் சிரித்தால் அட்டை கிழியும்.

அந்த வாரம் ‘கால் ஆஃப்’ (call off) வந்தது. ஏவிவிட்ட வேட்டைநாயைக் குரல் கொடுத்துத் திரும்ப அழைப்பது பழைய பொருள். நடக்கவிருந்த ஒன்றை வேண்டாமென்று விட்டுவிடுவது பின்னால் வந்த பொருள். ரத்து செய், கைவிடு, நிறுத்திவிடு என்று எழுதிய உதவி ஆசிரியர், போகிற போக்கில் ‘தள்ளிப்போடு’ என்றும் சேர்த்திருந்தார். அகராதியம்மா சிவப்பு மையால் அதை அடித்தார்.

“கிட்டத்தட்ட சரின்னா தப்புன்னு அர்த்தம், சார். தள்ளிப்போட்டா இன்னொரு நாள் நடக்கும். இது நடக்கவே நடக்காது.”

அன்று சாயங்காலம், கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் வேலை பார்க்கும் மகள், கைப்பையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள்.

“அம்மா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்.”

கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. அழைப்பிதழ்கூடக் கொடுத்தாகிவிட்டது.

“என்னடி குறை அவர்கிட்ட?”

“ஒரு குறையும் இல்ல. நீ அவ்வளவு உறுதியா பேசின. எனக்கும் பிடிச்சிருக்குன்னு நானே நம்பிட்டேன். அவர்கிட்டயும் போன வாரமே சொன்னேன். பயத்துல பேசறேன், சரியாயிடும்னு சொல்லிட்டார்.”

அகராதியம்மாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அது அடங்கியபின் யோசித்துப் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்று “அவளுக்கு முழு சம்மதம்” என்று சொன்னது தான்தான். மகள் வாயைத் திறக்கவே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. இன்னும் இருபது நாள் கழித்து இதைச் சொல்லியிருந்தால் பெண்ணின் வாழ்க்கை போயே போயிருக்கும். “நாளைக்கு நான் போய்ச் சொல்றேன்” என்றார். மகளும் கூட வருவதாகச் சொன்னாள்.

மறுநாள் பேருந்தில் பழக்கதோஷம் விடவில்லை. வெற்று அட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு எந்தச் சொல்லால் சொல்வது என்று எழுதினார். ‘ரத்து’ என்றால் ரயிலைப் பற்றிச் சொல்வதுபோல் இருக்கிறது. ‘கைவிடு’ என்றால் யாரோ அநாதை ஆகிறார்கள். ‘நிறுத்து’ என்றால் சண்டைக்குப் போவதுபோல. ஒவ்வொன்றாக அடித்து முடித்தபோது மிச்சமிருந்தது, அலுவலகத்தில் தானே சிவப்பு மையால் அடித்த அந்த ஒரே சொல்.

மாப்பிள்ளையின் அம்மா தையல்காரர். முன்னறையில் மெஷினில் பாதி தைத்த பட்டு ரவிக்கை கிடந்தது. மகளுக்காகத் தைப்பது. அதைப் பார்த்ததும் அகராதியம்மாவின் தைரியம் எங்கோ போய்விட்டது.

“சம்பந்தி, கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமான்னு…”

மகள் திரும்பி அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். தையல்காரரின் முகம் சுருங்கியது. உள்ளிருந்து வந்த மாப்பிள்ளையின் முகம் மட்டும், தள்ளிப்போடத்தானே என்று மலர்ந்துவிட்டது.

“அதனால என்ன அத்தை? எவ்வளவு நாள் ஆனாலும் நான் காத்திருக்கேன்.”

அந்த முகத்தைப் பார்த்தபிறகு அகராதியம்மாவால் அந்தப் பொய்யோடு உட்கார்ந்திருக்க முடியவில்லை. ‘மாப்பிள்ளை’ என்று வாய்வரை வந்ததை விழுங்கினார்.

“தம்பி, காத்திருக்காதீங்க. நான் சொன்னது தப்பு. இந்தக் கல்யாணம் நடக்காது. உங்க மேலயும் குறை இல்ல, இவ மேலயும் இல்ல. இவ சொல்ல வேண்டிய சம்மதத்தை நான் சொல்லிட்டேன்.”

அவன் சுவரோரம் போய் நின்றுகொண்டான். தையல்காரர் ரவிக்கையை மெஷினிலிருந்து எடுத்து மடித்து வைத்தார்.

“ஊருக்காவது தள்ளிப்போட்டிருக்குன்னு சொல்லிக்கட்டுமா?”

“வேண்டாங்க. உங்க பையன் அதையே நம்பிட்டு இருப்பார்.”

தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அளவெடுத்த அன்னிக்கு இவ ஒரு வார்த்தை பேசல. கூச்சம்னு நெனச்சேன். நானும் கேக்கல.” பிறகு மகளைத் தன் பக்கம் திருப்பினார். “உங்கம்மா சொன்னது போதும். நீ சொல்லும்மா, உன் வாயால.”

மகள் வாயைத் திறந்தாள். ஆரம்பித்தாள், நிறுத்தினாள், மறுபடி ஆரம்பித்தாள். சொல் கிடைக்காமல் தடுமாறினாள்.

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அகராதியம்மா ஒரு சொல்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.