தாழை நட்ட கயிற்றுக்கோடு

தாழம்புதரில் பாம்பு இருக்கும் என்பது எங்களுக்கெல்லாம் நிச்சயமாகத் தெரியும். பார்த்தவர்தான் யாருமில்லை.

எழுபதுகளின் கடைசி. தென்காசியில் எங்கள் தெரு இளைஞர் மன்றத்துக்கு நான் செயலாளர். கைக்கு வேலையில்லை, காலுக்கு நிற்கத் தெரியாது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிச் சிற்றாறு நிறம் மாறுவதற்குள், பெண்கள் குளிக்கும் துறையில் தாழையை வெட்டித் துப்புரவு செய்வது என்று தீர்மானம் போட்டோம். பெண்களிடம் கேட்கவில்லை.

துறையை ஒட்டி ஒரு வெற்றிலைக் கொடிக்கால். அதை வைத்திருந்த அண்ணாச்சிக்கு நாற்பது வயதிருக்கும். அவருக்கு இருந்ததே அந்த ஒரு துண்டு நிலந்தான். அரிவாளோடு எங்களைப் பார்த்ததும் வரப்பில் ஏறி நின்றார்.

“ஏலே, தாழய வெட்டிட்டா ஆடு உள்ள ஏறிரும்லே.”

“முள்கம்பி போட்டுத் தாரோம் அண்ணாச்சி.”

“நீங்க போடுத கம்பில துணிகூடக் காயாது.”

சிரித்தோம். அவரும் சிரித்தார். அவருக்குக் கவலை ஆட்டைப் பற்றி, எங்களுக்குப் பாம்பைப் பற்றி. ஆறு என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை.

இரண்டு நாள் வெட்டினோம். விழுதுகளுக்குள்ளிருந்து ஒரு தண்ணீர்க்கோழி குஞ்சுகளோடு பதறி ஓடியது. வேர்ப்பொந்துகளில் நண்டுகள், வேரடியில் ஒண்டியிருந்த அயிரை மீன்கள் கலங்கிச் சிதறின. பாம்பு மட்டும் வரவில்லை. கரை மொட்டையடித்த தலைபோல் வெயிலில் பளபளத்தது. மறுநாள் குளிக்க வந்த என் மதினி, குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

“நல்லா வெட்டுனிய போங்க. இனி சேலய எங்கன நின்னு மாத்த? ஒங்க மன்றத்துக்குள்ள வந்தா?”

அதன்பிறகு பெண்கள் அந்தத் துறைக்கு வரவில்லை.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத அடைமழை. பிடித்துக்கொள்ள வேரில்லாத கரை நனைந்த பிட்டுபோல உதிர்ந்தது. கொடிக்காலில் வெற்றிலை படர்ந்திருந்த அகத்தி மரங்கள் நின்ற வாக்கிலேயே நகர்ந்து, பிறகு சாய்ந்தன. வெள்ளம் வடிந்தபோது அண்ணாச்சியின் நிலத்தில் கொடி இல்லை, வரப்பு இல்லை. மணல்திட்டாகி ஆற்றுக்குள் கிடந்தது. கரை அதற்குப் பின்னால் போயிருந்தது.

தை மாதம் செங்கோட்டைப் பக்கமிருந்து தாழைக் கிளைகளை மாட்டுவண்டியில் கொண்டு வந்தோம். வெட்டும்போது இருந்த அதே அவசரம் நடும்போதும் இருந்தது. நட வேண்டிய கோட்டுக்காகப் புதிய கரையோரமாகக் கயிறு பிடித்தோம். அண்ணாச்சி வந்து கயிற்றை மிதித்துக்கொண்டு நின்றார். அவர் நிலம் முழுக்கக் கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஆற்றோடு.

“ஒரு கோடை பொறுங்கலே. மண்ணடிச்சுக் கரையப் பழைய எடத்துக்கே கொண்டாந்திருதேன். பெறவு நடுங்க.”

“அதுக்குள்ள வெள்ளம் வந்தா பின்னால உள்ள வயலும் போயிருமே அண்ணாச்சி.”

“நீங்க இங்கன நட்டா, இதான் நம்ம கரைன்னு ஆறு நெனச்சுக்கிடும்லே.”

பின்வயல்காரர்கள் மண்வெட்டியோடு காத்திருந்தார்கள். அவர்கள் பயமும் பொய்யில்லை. அண்ணாச்சி எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டுக் காலை எடுத்தார். நட்டோம்.

தாழை பிடித்துக்கொண்டது. நாலைந்து வருடத்தில் விழுது விட்டது, நண்டு வந்தது, தண்ணீர்க்கோழி வந்தது. மறைவு கிடைத்ததும் பெண்களும் வந்தார்கள். கரையை மீட்ட பிள்ளைகள் என்று ஊரில் எங்களுக்குப் பெயர். அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் நான் வேறு தெருவில் நுழைந்துவிடுவேன்.

ஏனென்றால், நட்ட அந்த வருடம் சாரல் மெலிவு, ஐப்பசியும் பொய்த்துப்போனது. ஆறு எங்கள் கயிற்றுக்கோட்டின் பக்கம்கூட வரவில்லை. அவர் கேட்டது ஒரு கோடை. ஒரு முழு வருடமே சும்மா கிடந்து போயிற்று. அந்த ஐப்பசியில் அண்ணாச்சி செங்கோட்டையில் ஒரு மரக்கடையில், கூலிக்கு லாரியில் தடி ஏற்றிக்கொண்டிருந்தார்.