ஆற்றுப் பக்கத்து ஜன்னல்

சுவர்ப்படக் கடைக்காரர் நாட்டுக்கு ஆற்றிய தொண்டு கொஞ்சநஞ்சமல்ல. ஊரில் பல் பிடுங்கப் போனவர்கள் வெளிநாட்டுப் பனிமலையைப் பார்த்தபடி அலறினார்கள் என்றால், அது அவர் ஒட்டிய படம். யாராவது நம் நாட்டுப் படம் கேட்டால், “அதுக்குத்தான் வெளியில தெரு இருக்கே” என்பார்.

தன் வீட்டிலும் ஓர் ஏரிப் படம் ஒட்ட ஆசைப்பட்டார். அந்தப் படம் கொள்ளும் அளவுக்குப் பெரிய சுவர் பின்னறையில்தான் இருந்தது. அதன் நடுவே ஒரு ஜன்னல்; வெளியே ஆறு. சாயங்கால டீயோடு அவர் மனைவி உட்காரும் இடம் அது.

“ஜன்னலை அடைக்கணும்னா என்னையும் உள்ள வச்சு அடைங்க” என்று சொல்லிவிட்டார் மனைவி.

ராஜதந்திரம் தேவைப்பட்டது. கல்யாண நாளைச் சாக்கிட்டு ஆற்றுப் படகுச் சுற்றுலாவுக்கு இருவருக்கும் டிக்கெட் வாங்கினார். கொத்தனாரிடம் ரகசியமாக வீட்டுச் சாவியைக் கொடுத்தார்.

படகில் முதலில் தூங்கத்தான் பார்த்தார். மணல்திட்டிலிருந்து கொக்குக் கூட்டம் எழுந்து கெடுத்தது. நாணல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வெள்ளியாய் மின்னியது. அவரையும் மீறி வாய் திறந்தது.

“கலர் நல்லா வந்திருக்கு.”

“எந்த பிரஸ்ல அடிச்சாங்களாம்?” என்றார் மனைவி.

அதன்பின் அவர் கண்ணை மூடவில்லை. தண்ணீருக்குள் தலைகீழாய் நின்ற மரங்களை எட்டி எட்டிப் பார்த்து, பக்கத்து இருக்கைப் பெண்ணின் மடியில் இருமுறை விழப்போனார்.

வளைவு திரும்பியதும், கொடி படர்ந்த ஒரு மஞ்சள் வீடு. வெயில் மொத்தமும் அதன் மேல்தான்.

“குடுத்து வச்ச மகராசன்” என்று பெருமூச்சு விட்டவர், உடனே கொதித்தார். “அங்க பாரு, எந்த மடையனோ ஜன்னலை அடைக்கிறான். இவ்வளவு அழகு எதிர்ல இருக்கு, கண்ணு அவிஞ்சா போச்சு?”

மனைவி உற்றுப் பார்த்தார். “அந்தப் பச்சைத் திரை நான் தைச்சது.”

ஆறு தன் வீட்டுக்குப் பின்னால் போவது அவருக்குத் தெரியும். படகும் அதே ஆற்றில்தான் போகும் என்பதைத்தான் ராஜதந்திரம் கவனிக்கவில்லை. தன் வீட்டின் முதுகை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

போன் அடித்தார்; கொத்தனார் கையில் கலவை, எடுக்கவில்லை. எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டினார். முதலாளியைக் கண்ட கொத்தனார், மரியாதை நிமித்தம் இன்னும் வேகமாகக் கல்லை அடுக்கினார்.

அடுத்த படகுத்துறையில் கடைக்காரர் குதித்து இறங்கினார். மனைவி அசையவில்லை. “நான் முழுசாப் பாத்துட்டுத்தான் வருவேன்.”

படகு திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மஞ்சள் வீட்டு ஜன்னல் முக்கால்வாசி திறந்திருந்தது. தலையெல்லாம் சிமெண்டோடு, ஆளே அடையாளம் தெரியாமல், கடைக்காரர் ஈரக் கற்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கொத்தனார் ஓரமாக நின்று டீ குடித்தார். படகைக் கண்டதும் கடைக்காரர் கையைத் தூக்கினார்.

“யாரு அக்கா அது, உங்களுக்கா கை காட்டுறாரு?” என்றாள் பக்கத்து இருக்கைப் பெண்.

“வேலையாளு. இன்னிக்குத்தான் சேர்ந்திருக்காரு.”

“எப்படி, நல்லா வேலை செய்யறாரா?”

மனைவியும் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

“பரவாயில்ல. நாளைக்கும் வரச் சொல்லலாம்னு இருக்கேன்.”