ஆன் த வே

மூன்றாம் வகுப்பில் எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தது அத்தைதான். நைனாவின் தங்கை. திருப்பதியில் ஒரு துணிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் வேலை. காலையில் புத்தூரில் ரயிலேறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீடு திரும்புவாள். கால் கழுவிய கையோடு என் புத்தகத்தை வாங்கிப் பார்ப்பாள்.

அன்றைய பாடம் 'வே' என்கிற சொல். ரோடு, ஸ்ட்ரீட், லேன், பாத், ரூட் என்று அதற்கு இணையான சொற்களை மனப்பாடம் செய்யவேண்டும்.

"எல்லாம் ஒண்ணுதான் பாப்பா. தமிழ்ல வழி. அவ்ளோதான்," என்றாள் அத்தை.

பிறகு தானே சிரித்தாள். கடைக்கு வருகிற பெங்களூர்ப் பெண்கள் புடவையின் விலையைக் கேட்டுவிட்டு 'வே டூ மச்' என்பார்களாம். மலைக்குப் போகிற வழியில் கூட்டம் அதிகம் என்கிறார்கள் போல என்று எண்ணி, வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் அனுதாபத்தோடு தலையாட்டியிருக்கிறாள்.

அத்தைக்குக் கல்யாணம் கூடாமலே இருந்தது. வந்தவர்கள் காபி குடித்தார்கள், ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்றார்கள். அப்புறம் ஒரு வரன் அமைந்தது. சத்தியவேடு பக்கத்துப் பையன், ஸ்ரீசிட்டியில் ஏதோ கம்பெனியில் வேலை. நாராயணவனத்துக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம் எடுத்தார்கள். முந்தின நாளே வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டார், விடிந்ததும் நேராக வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அதுவும் நல்லதுதான், ஒரு வேளைச் சாப்பாடு மிச்சம் என்றார் நைனா. அவர் சிரித்துக்கொண்டு பேசியதில் அதுதான் எனக்குக் கடைசியாக நினைவிருக்கிறது.

காலையில் மண்டபம் நிறைந்துவிட்டது. அத்தை அரக்குப் பட்டில், மாலை கழுத்தில் கனக்க, மணமகள் அறையில் உட்கார்ந்திருந்தாள். நைனா போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் மேடைக்கும் நடந்தார்.

"எங்க வந்துக்கினு இருக்கீங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்: "மாப்பிள்ளையோட அண்ணன்தான். ஆன் த வேயாம்."

எல்லோருக்கும் முகம் தெளிந்தது. எனக்கு ஒரு சந்தேகம். எந்த வே? நாராயணவனத்துக்குப் புத்தூர்ப் பக்கமிருந்தும் வரலாம், நாகலாபுரம் பக்கமிருந்தும் வரலாம். வழியில் இருக்கிறவர்களை வழியில் போய்ப் பார்த்துவிட வேண்டியதுதானே? பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றேன்.

லாரி வந்தது, பஸ் வந்தது. கடைசியில் நாகலாபுரம் பக்கமிருந்து, முகப்பில் பூமாலை ஆட ஒரு வேன் வந்தது. நான் உள்ளே ஓடினேன்.

"வந்துட்டாங்க! வந்துட்டாங்க!"

மேளம் கொட்டத் தொடங்கியது. அம்மா ஆரத்தித் தட்டோடு ஓடினாள். யாரோ அவசரப்பட்டு அத்தையையும் அறையிலிருந்து வெளியே கூட்டிவந்துவிட்டார்கள். வேன் எங்கள் வாசலில் கொஞ்சம் வேகம் குறைந்தது. உள்ளே இருந்தவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அது அடுத்த தெருவில் இருந்த வேறொரு மண்டபத்துக்குப் போய்விட்டது. மேளக்காரர் இரண்டு தட்டுத் தட்டி நிறுத்தினார். தட்டில் கற்பூரம் எரிந்து முடிகிறவரை அம்மா அங்கேயே நின்றாள்.

என்னை யாரும் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நேரம் போய்க்கொண்டிருந்தது. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். மண்டபத்துக்காரர் நைனாவைத் தனியாக அழைத்துத் தெலுங்கில் ஏதோ மெதுவாகக் கேட்டார். "ஒஸ்தாரு, ஒஸ்தாரு," வருவார்கள் என்று சொல்லிவிட்டு நைனா சமையற்கட்டுக்குப் பின்னால் போனார். எந்த ரோடு என்று இந்த முறை சரியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று நானும் பின்னாலேயே போனேன்.

அங்கே, அடுக்கிவைத்த விறகுக்குப் பக்கத்தில், சமையல்காரர்கள் காதில் விழும்படி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க... பிச்சாட்டூர் தாண்டிட்டீங்களா? சரி சரி. மெதுவாவே வாங்க, ஒண்ணும் அவசரமில்ல..."

அப்போது அவர் காதில் வைத்திருந்த போன் மணியடித்தது. நைனா திடுக்கிட்டு அதைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். என்னையும் பார்த்தார். போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நான் அத்தையிடம் ஓடினேன். அறையில் அவளைச் சுற்றியிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வெளியே போய்விட்டிருந்தார்கள்.

"அத்த, நைனா போன் கெட்டுப்போச்சு. பேசிக்கினு இருக்கசொல்லவே மணி அடிக்குது!"

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யார்கிட்ட பேசிக்கினு இருந்தாரு?" என்று கேட்டாள்.

"மாப்பிள்ள வூட்லதான். பிச்சாட்டூர் தாண்டிட்டாங்களாம். ஆன் த வே."

"ம்," என்றாள்.

மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். எழுந்து போய்க் குழாயில் முகத்தைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். பெட்டியைத் திறந்து, கடைக்குக் கட்டிக்கொண்டு போகிற நைலக்ஸ் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அது எதற்கு அந்தப் பெட்டிக்குள் இருந்தது என்று இன்றுவரை நான் அவளிடம் கேட்டதில்லை.

மாப்பிள்ளை இரண்டு நாளுக்கு முன்பே, கூட வேலை செய்த பெண்ணோடு போய்விட்டிருந்தான். அண்ணன்காரன் அவனைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்துவிடலாம் என்ற நம்பிக்கையில் முதலில் பொய் சொன்னான். அந்த அண்ணனும் போனை எடுக்காமல் போன பிறகு அந்தப் பொய்யை நைனா தொடர்ந்தார். இதெல்லாம் பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அத்தை அடுத்த வாரமே வேலைக்குப் போனாள். இன்றும் போகிறாள். வேறு வரன் பார்க்க அவள் சம்மதிக்கவில்லை.

அன்றைக்கு அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பந்திக்குப் போனாள்.

"இல போடுங்க. ஆக்குன சோறு ஆறிப்போவுது. எல்லாரும் வந்து துன்னுங்க," என்றாள்.

முதல் ஆளாக உட்கார்ந்து, என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தாள். பரிமாற யாரும் நகரவில்லை. நைனாதான் இலை போட்டு, சோறு வைத்து, சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அத்தையின் இலைக்கு எதிரில் குனிந்து ஊற்றினார்.

"போதும்ணா," என்றாள்.

அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். சாம்பார் சோற்றைத் தாண்டி, இலையைத் தாண்டி, அத்தையின் மடியில் வழிந்தது.

"போதும்ணா. நீயும் உக்காரு."

நைனாவுக்குப் பரிமாறவே தெரியவில்லை என்று நான் சிரித்தேன்.